பௌர்ணமிப் பக்கத்துக்கு ஓர் எடிட்டர்

என் வீட்டுக்காரருக்கு முதலில் வேலை செய்யாமல் போனது இடது கைச் சுண்டுவிரல். ஒரு விரல்தானே என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். மிச்ச நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து வெப் பக்கம் எழுதுவார். வெப் பக்கத்தில் எதை எழுதினாலும் முன்னால் ஓர் அடைப்புக்குறியைத் திறக்க வேண்டும், பின்னால் ஒன்றை மூட வேண்டும். ஷிப்ட் கீயை அழுத்தாமல் அந்தக் குறி விழாது. அதை அழுத்துகிற விரல்தான் அவருக்குப் போனது.

லாட்ஜ்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் அவர் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவருக்கென்று சொந்தமாக இருந்தது ஒன்றே ஒன்று. கிரிவலம் வருகிறவர்களுக்கு இந்த மாதம் பௌர்ணமி எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது முடிகிறது, அன்றைக்கு எந்த ஊர் பஸ் எங்கே நிற்கும், அடி அண்ணாமலைப் பக்கம் குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று சொல்கிற பக்கம். யாரும் கேட்டு எழுதியதில்லை. மாதா மாதம் மாற்றியே ஆக வேண்டும். மாற்றாவிட்டால் அது ஊருக்கே பொய் சொல்லும். அடியில் எங்கள் வீட்டு போன் நம்பர் வேறு போட்டிருந்தார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் நான் குழம்பைத் தாளிக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அவர் மட்டும் மாமியார் வீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மரியாதையாகப் பதில் சொல்வார்.

வேலூரில் டாக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, இது நரம்பைத் தின்கிற நோய் என்றார். கை, கால், அப்புறம் பேச்சு, அப்புறம் மூச்சு. மருந்து இல்லை. மூளை மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும் என்று ஆறுதல் போலச் சொன்னார். அதில் என்ன ஆறுதல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் போளூர் தாண்டும் வரை அவர் பேசவில்லை. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். அப்புறம் அவர் சொன்னார். "உயிர் இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தை நான்தான் பாத்துக்குவேன். அதுக்கு மொதல்ல வேற எடிட்டர் பாக்கணும்."

நான் எந்தக் கோயிலுக்கு என்ன வேண்டிக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனுஷன் எடிட்டர் என்கிறார். எனக்கு வந்த கோபத்தில் வேங்கிக்கால் வந்து இறங்கும் வரை நானும் பேசவில்லை.

எடிட்டர் என்றால் வேறு ஒன்றுமில்லை. வெப் பக்கத்துக்கான எழுத்துகளை அடித்துச் சேமிக்கிற மென்பொருள். எங்களிடம் இருந்தது பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த பழைய கம்ப்யூட்டர். பெரிய மென்பொருள் எதையாவது திறந்தால் அதற்கு மூச்சு முட்டும். பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.களை எல்லாம் வாங்கி வந்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று தானாகவே கோடிங் எழுதியது. "நான் ஒரு வரி அடிச்சா இது பத்து வரி அடிக்குது. எவன் கேட்டான் இத?" என்று அழித்தார். விண்டோஸோடு வரும் நோட்பேட் சட்டென்று திறந்தது. ஆனால் எல்லா எழுத்தும் ஒரே கறுப்பு என்று அதையும் தள்ளினார். அவர் தேடியது திறப்பதற்கு லேசாக இருக்க வேண்டும், ஆனால் வரிக்கு வரி நம்பர் காட்ட வேண்டும், எண்களை ஒரு நிறத்திலும் சொற்களை வேறு நிறத்திலும் காட்ட வேண்டும்.

"என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ நேரம் பாக்கலியே நீங்க" என்றேன்.

"அப்ப எனக்கு ஜாஸ்தி சாய்ஸ் குடுக்கலியே" என்றார்.

கடைசியில் ஒரு பிளாப்பியில் அடங்கிவிடுகிற ஒரு சின்ன எடிட்டரைப் பிடித்தார். வலது கையின் ஒற்றை விரலால் அதில் கொஞ்ச காலம் ஓட்டினார். மழைக்காலம் முடிவதற்குள் அந்த விரலும் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டோம். திரை அவர் கண்ணுக்குத் தெரியாத பக்கம் திரும்பியிருந்தது. அவர் சொல்ல, நான் அடித்தேன்.

நான் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். லோயர், ஹையர் இரண்டும் தேறியவள். கீயைப் பார்க்காமல் அடிப்பேன் என்று எனக்கு ஒரு கர்வம். முதல் மாதமே பக்கம் வெள்ளையாக வந்தது, ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. மறுநாள் பௌர்ணமி. அவர் படுத்தபடியே, "நம்பர் எல்லாம் சிவப்பா இருக்கா பாரு" என்றார்.

"இருக்கு."

"எல்லாமே?"

பார்த்தேன். பதினெட்டு என்று அடித்த இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. நாங்கள் பழகிய பழைய டைப்ரைட்டரில் ஒன்றுக்குத் தனி கீ கிடையாது. ஆங்கில எல் எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம். எத்தனையோ வருஷப் பழக்கம், விரல் தானாகப் போய் எல் கீயைத் தட்டியிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு இல்லை; எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைப் பார்த்ததும் முழுப் பக்கத்தையும் காட்டாமல் விட்டுவிட்டது.

அவர் இருமல் வரும் வரை சிரித்தார். "டைப்பிஸ்ட்டுங்க எல்லாரும் இதத்தான் பண்ணுவாங்க. சென்டர்ல பாத்திருக்கேன். அதுக்குத்தானே கலர் காட்டுறத எடுத்தேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விரல் போன கையோடு அத்தனை சி.டி.யையும் போட்டுப் பார்த்தாரே, அவர் தன் கைக்காகத் தேடவில்லை. நிறம் என் விரலுக்காக. வரி நம்பர், கட்டிலில் கிடந்துகொண்டு எனக்கு வழி சொல்வதற்காக. பஸ்ஸில் போளூர் வரைக்கும் பேசாமல் வந்தவர் இதையெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்புறம் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. அவர் வரி நம்பர் சொல்லி, திறக்க வேண்டியதை மட்டும் சொல்வார். மூடுவது என் பொறுப்பு. அடித்து முடித்து "மூடிட்டேன்" என்பேன். அவர் "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் அடுத்த வரி. முழுப் பக்கமும் அவர் தலைக்குள் இருந்தது. நான் ஒன்றை மூட மறந்துவிட்டு அடுத்ததற்குத் தாவினால், "நாப்பத்தி ரெண்டு என்ன ஆச்சு?" என்பார். பேச்சு குழறத் தொடங்கிய பிறகு நானே வரிகளைப் படித்தேன். அவர் "ம்" மட்டும் சொன்னார். வந்து பார்த்த சொந்தக்காரர்கள், இந்த நிலையிலும் இவருக்கு இது தேவையா என்று என்னிடம் கிசுகிசுத்தார்கள். "உங்களுக்குக் காப்பி தேவையா?" என்று கேட்டு உள்ளே போய்விட்டேன்.

ஒரு மாதம் நான் "மூடிட்டேன்" என்றேன். பதில் இல்லை. தூங்கிவிட்டாரோ என்று சத்தமாகச் சொன்னேன். "மூடிட்டேன்னு சொல்றேன் இல்ல, ம்னு சொல்ல என்ன உங்களுக்கு?" என்று திரும்பினேன். விழித்துக்கொண்டுதான் இருந்தார். உதடு இழுத்துக்கொண்டு நின்றது. கண்ணில் தண்ணீர். அந்த ஒரு எழுத்தும் போய்விட்டது. நான் எழுந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். எடிட்டரில் எழுத்தைப் பெரிதாக்கினேன். "கண்ண ஒரு தடவ மூடுங்க, போதும்" என்றேன். மூடித் திறந்தார். அந்த மாதப் பௌர்ணமியும் நேரத்துக்கு நெட்டில் ஏறியது. அதற்கடுத்த மாதமும் ஏறியது.

அதற்கடுத்த பௌர்ணமிக்கு அவர் இல்லை. வாசலில் சாமியானா போட்டிருந்தது, வீடு நிறைய ஆட்கள். போன் அடித்தது. யாரோ ஒரு அம்மா, திண்டிவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். "நெட்ல போன மாச டைமே இருக்குங்க. பௌர்ணமி எப்போங்க ஆரம்பிக்குது?" என்றார். பேச்சு இருந்தபோதே என் வீட்டுக்காரர் அந்த வருஷத்துப் பௌர்ணமி நேரங்களை எல்லாம் காலண்டரில் பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார். எனக்கு மனப்பாடமாக இருந்தது. சொன்னேன். "சார் இல்லீங்களா? எப்பவும் அவர்தான் பேசுவாரு" என்றார். வெளியே போயிருக்கிறார் என்றேன்.

காரியம் முடிந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தை மாற்றினேன். மாதா மாதம் மாற்றினேன். தனியாகத்தான் என்றாலும் வாய் தானாக "மூடிட்டேன்" என்றுவிடும்.

சில வருஷம் கழித்துப் பழைய கம்ப்யூட்டர் ஒரேயடியாக நின்றுபோனது. கடைக்காரர் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, புது எடிட்டரும் போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷர். திறந்து ஒரு குறி அடித்தேன். நான் அடிக்கும் முன்பே மூடும் குறி பக்கத்தில் வந்து நின்றது.

"இனிமே நீங்க மூடவே வேணாம் மேடம். அதுவே மூடிக்கும். உங்களுக்கு வேல கம்மி" என்றார்.

"இத எடுத்துடுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பீரோவிலிருந்து பிளாப்பியை எடுத்துக் கொடுத்தேன். இப்போது யார் மேடம் இதை வைத்துக்கொள்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டே கடைக்குப் போய் அதைப் படிக்கிற பெட்டியைக் கொண்டுவந்து, அந்தச் சின்ன எடிட்டரைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. எண்கள் சிவப்பாக இருந்தன.

கடைக்காரர் போன பிறகு அந்த மாதப் பௌர்ணமி நேரத்தை அடித்தேன். கட்டில் இருந்த இடத்தில் இப்போது துணி மடிக்கிற மேசை இருக்கிறது. "மூடிட்டேன்" என்றேன். அங்கே யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனேன்.