யார் பிள்ளைக்கு யார் வாங்குவது

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. ஜெபக் கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் நம் சபை இதழில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துத் தவறியபோது அவருக்குப் பதினாறு வயது. என்னையும் தம்பியையும் வளர்ப்பதற்காகத் திருமணம் வேண்டாம் என்றார். மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் கூலி வேலை பார்த்துத் தம்பியைப் படிக்க வைத்தார். தம்பி திருப்பூரில் நல்ல வேலைக்குப் போனான். நான் மலையிலேயே மிளகுக்கொடி பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்குத் தம்பி தன் மகனுக்கு பேட்டரி ஜீப் கொண்டு வந்தான். என் மகளுக்கு நான் வாங்கியிருந்தது ஒரு ஊதல். மறுநாள் அக்கா எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்.

"உம்பையன் சந்தோசப்பட்டது தப்பில்லை சாமி. ஆனா இவன் மக ஊதலைப் பாவாடைக்குள்ள ஒளிச்சுக்கிட்டா. நான் பார்த்துட்டேன்" என்றார்.

அன்றே முறை வைத்தார். தன் பிள்ளைக்குத் தான் வாங்கக் கூடாது. தம்பி என் மகளுக்கும், நான் அவன் மகனுக்கும் வாங்க வேண்டும். வாங்குவது எங்கள் மலையிலுள்ள செம்மேட்டுக் கடைகளில் மட்டும். எல்லாவற்றையும் அக்காதான் தன் கையால் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அக்கா ஒரு கையால் தூக்கிக் கொடுக்கிற அளவுக்கு மேல் போகக் கூடாது. யார் வாங்கியது என்று பிள்ளைகளிடம் சொல்லவும் கூடாது.

"நீங்க தாசில்தார் ஆபீசுல இருக்க வேண்டியவங்க அக்கா" என்று தம்பி சிரித்தான்.

"இருந்திருந்தா மொதல்ல உன் ஜீப்பைத்தான் பறிமுதல் பண்ணியிருப்பேன்" என்றார் அக்கா.

தம்பி வசதி இருந்தும் முறையை மீறவில்லை. மீறியது நான். மிளகு நன்றாக விளைந்த வருடம், மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் என் மகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கி பஸ் மேலே ஏற்றி வந்தேன். ஒரு முறையாவது என் கையால் பெரிதாகக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. கிறிஸ்துமஸ் காலையில் அவள் அதை ஓட்டிக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனாள். நான் வாங்கிய பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி மகன் அந்தச் சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏனுங்ணா, சட்டம் எனக்கு மட்டுந்தானா? மூணு வருசமா சைக்கிள் கேக்கறான். அக்கா சொல்லுக்காகத்தான் வாங்காம இருக்கேன்" என்றான் தம்பி.

நீ வாங்கினால் பெருமை, நான் வாங்கினால் குற்றமா என்று எல்லோர் முன்னும் கேட்டுவிட்டேன். தம்பி சாப்பிடாமல் மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "தம்பிக்கு ஒரு போன் பண்ணிப் பேசிடு கண்ணு" என்றார். சரிங்க என்றேன். பேசவில்லை. போகும்போதெல்லாம் கேட்பார். அவர் கேட்பாரே என்றே அந்தப் பக்கம் போவதையும் குறைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆடியில் அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தம்பியும் இந்தப் பக்கம் நானும் நின்றோம். அக்கா கஷ்டப்பட்டுக் கண்ணைத் திறந்து, "ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?" என்று கேட்டார்.

"பேசிட்டோமுங்க அக்கா" என்று இருவருமே சொன்னோம்.

அது பொய். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் போய்விட்டார். அடக்கத்திலும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அக்கா வீடு பூட்டியே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பெற்ற தாய்போலப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாக்களுக்கும், மழையில் மேட்டுப் பாதையில் பெட்டியைச் சுமந்து வந்த ஊர்க்காரர்களுக்கும், போதகர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தம்பி, உனக்கும்தான். அன்று நீ கேட்டது சரி, நான் செய்தது தப்பு. நேரில் சொல்ல வாய் வராததால் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். வருகிற கிறிஸ்துமஸுக்கு மகனோடு வா. இனி யார் கையால் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ வந்தால் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். பேசிவிட்டோம் என்று சொல்லித்தானே அக்காவை அனுப்பி வைத்தோம். அதை மெய்யாக்கிவிடலாம்.