சிவப்புக் கோடு போட்ட கேன்

கள்ளக்குறிச்சியில் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஐந்து லிட்டர் என்ஜின் ஆயில் கேன் ஒன்று பல வருடங்கள் இருந்தது. அதை ஊற்றுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு வண்டியும் கிடையாது. கேனின் முகப்பில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சிவப்புக் கோடுகள். போட்டது நான்தான். வீட்டு வேலைக்கு வருகிற பெண் அவ்வப்போது, "இது இன்னாத்துக்கும்மா இங்க கெடக்குது, பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடட்டா?" என்று கேட்பாள். இருக்கட்டும் என்பேன். காரணம் என்னிடம் இருந்தது, சொல்லத்தான் மனம் வரவில்லை.

நான் மருந்தாளுநராக வேலை பார்த்தவள். கல்வராயன் மலைமேல் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் ஆறு வருடம் ஸ்டோர் என் பொறுப்பில் இருந்தது. கீழேயிருந்து போகிறவர்களுக்கு மலை வேலை என்றால் தண்டனை. வந்த நாளிலிருந்தே எப்போது இறங்குவோம் என்றுதான் எல்லோரும் இருந்தோம். எங்கள் டிரைவர் அண்ணன் மட்டும் மலையிலேயே இருக்கிற கரியாலூர்க்காரர். வீடும், மரவள்ளிக்கிழங்கு போட்ட கொல்லையும், கண் மங்கிய அம்மாவும் என எல்லாமே அவருக்கு அங்கேதான். ஜீப் ஓட்டுவதோடு ஜெனரேட்டரையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பாதிப் பேச்சு என்ஜினோடுதான்.

மருந்துக் கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்குத் தேதிதான் தெய்வம். முதலில் காலாவதியாவதை முதலில் கொடுக்க வேண்டும். காலாவதியானதில் சிவப்புக் கோடு போட்டு, நல்ல சரக்கோடு ஒட்டாமல் அன்றே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு முறை ஸ்டோரில் கணக்கெடுத்தபோது மூன்று ஆயில் கேன்கள் கண்ணில் பட்டன. டிரைவர் அண்ணன் அவற்றைச் சிமென்ட் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், ஒரு பலகைமேல் வரிசையாக வைத்திருந்தார். தயாரித்த தேதி இருந்தது, மூன்று வருடத்துக்கு முந்தையது. காலாவதித் தேதி எங்கே தேடியும் இல்லை. தேதி இல்லாத பொருளை நான் அதுவரை பார்த்ததில்லை. எடுத்தேன் சிவப்புப் பேனாவை.

"மேடம், இது மாத்தர இல்லீங்க" என்றார் அவர். "சீல் ஒடைக்காம இருந்தா நாலஞ்சு வருசம்கூட தாங்கும். ஒடைச்சிட்டாதான் ஆயுசு கம்மி. வெயிலும் தண்ணியும் படாம வெச்சிக்கினா போதும்ங்க."

"அப்படின்னு எதுல எழுதியிருக்குது அண்ணே?" என்று கேட்டேன். கேட்ட விதத்தில் கொஞ்சம் கிண்டலும் இருந்தது. அழிக்க வேண்டிய பொருட்கள் பட்டியலில் மூன்று கேன்களையும் எழுதினேன், அழிக்க வேண்டியவர் என்ற இடத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினேன், புது ஆயில் கேட்டுக் கடிதமும் அனுப்பினேன். கேன்கள் ஜெனரேட்டர் கொட்டகையின் மூலைக்குப் போயின. அவர் அவற்றைக் கொட்டவில்லை. எனக்கும் அது தெரியும். புதுசு வரட்டும் என்று காத்திருக்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

புதுசு வருவதற்குள் மழை வந்துவிட்டது. நான்கு நாள் விடாமல் பெய்ததில் பாதையில் மண் சரிந்து, மேலே எதுவும் வரவில்லை, கீழே எதுவும் போகவில்லை. முதல் நாளே கரண்ட் போய்விட்டது. இரண்டாம் நாள் ஒரு பெண்ணுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்தால் அதுதான் குழந்தையின் நீளம். சூட்டுக் கருவிக்குக் கீழே அதைக் கிடத்தியிருந்தோம். தாய்க்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது, பிள்ளையை நெஞ்சில் அணைத்து வைத்துக்கொள்ளும் நிலையில் இல்லை. ஜெனரேட்டர் ஓடும்வரை சூடு இருக்கும் என்பதுதான் எங்கள் கைவசம் இருந்த வைத்தியம்.

மூன்றாம் நாள் காலை டிரைவர் அண்ணன் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியைக் காட்டினார். அடிக்கோட்டுக்கும் கீழேதான் ஈரம் இருந்தது. "இப்படியே ஓட்டிக்கினு இருந்தா மத்தியானத்துக்குள்ள என்சின் புடிச்சிக்கும், அப்புறம் ஓடாதுங்க" என்றார். மூலையில் என் மூன்று கேன்கள் நின்றன. அவர் அவற்றைத் தொடவில்லை.

"நீங்க கோடு போட்டதுங்க. நீங்க சொன்னா ஊத்தறேன்."

குத்தலாகச் சொன்னாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இல்லை என்றே தோன்றுகிறது. ஸ்டோர் என்னுடையது, கோடு என்னுடையது, ஆகவே வார்த்தையும் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்கிறார்.

"ஊத்துங்க" என்றேன்.

நர்ஸ் குழந்தையை எடுத்துத் தன் புடவைக்குள் பொத்திக்கொண்டாள். டிரைவர் அண்ணன் என்ஜினை நிறுத்தினார். முதல் கேனைத் திறந்து, கொஞ்சத்தைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வாசலில் வைத்துப் பார்த்தார். அரிசி கழுவின தண்ணீர்போல் வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் இறங்கிய எண்ணெய். அண்ணாந்து பார்த்தோம். கூரைத் தகட்டின் ஓட்டை சரியாக அந்தக் கேன் நின்ற இடத்துக்கு மேலே இருந்தது. மூடிமேல் தேங்கிய தண்ணீர், பகலின் சூட்டுக்கும் இரவின் குளிருக்கும் நடுவில் சிறுகச் சிறுக உள்ளே போயிருக்கிறது. மூன்று வருடம் பலகைமேல் கெடாமல் இருந்ததை, கெட்டது என்று எழுதி, கெடும் இடத்தில் கொண்டுபோய் வைத்தவள் நான். அவர் இரண்டாவது கேனைத் திறந்தார். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. விரலில் தொட்டு, முகர்ந்து, மறுபடி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஊற்றினார். என்ஜின் ஓடியது. பாதை சரியாகும்வரை ஓடியது. குழந்தை பிழைத்துக்கொண்டது.

என்னால் மறக்க முடியாதது இது அல்ல. இரண்டு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர், சிவப்புக் கோட்டோடு கொட்டகையில் நின்ற மூன்றாவது கேனைப் பார்த்தார். பட்டியலை வாங்கிப் பார்த்தார். அழித்ததாகக் கணக்கு, கையெழுத்து டிரைவருடையது. "இன்னாய்யா இது, வித்துடலாம்னு வெச்சிருக்கியா? மத்த ரெண்டும் எங்க?" என்று கேட்டார். நான் பக்கத்தில் பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நான் ஊற்றச் சொன்னேன் என்று ஒரு வாக்கியம் போதும். ஆனால் காலாவதி என்று எழுதியதை ஏன் ஊற்றினாய் என்பார்கள், ஊற்றலாம் என்றால் ஏன் காலாவதி என்று எழுதினாய் என்பார்கள். எனக்கு அந்த வருடம்தான் கீழே இறங்கும் உத்தரவு வரவேண்டியிருந்தது. டிரைவர் அண்ணன் ஒரு தரம் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

"மறந்துட்டேங்க" என்றார் ஆய்வுக்கு வந்தவரிடம்.

அவரைக் கீழே திருக்கோவிலூர்ப் பக்கம் மாற்றினார்கள். எங்களுக்கெல்லாம் வரமாக இருந்தது அவருக்குத் தண்டனையாக வந்தது. அம்மாவைப் பார்க்க வாராவாரம் பஸ் ஏறி வருவார் என்று சொன்னார்கள். அந்த அம்மா இறந்த நாளில் அவர் கீழே வேலையில் இருந்தார் என்பதும் பிறகு காதுக்கு வந்தது. எனக்கு உத்தரவு வந்தபோது, அழிப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தக் கேனை எடுத்துவந்தேன். வெட்கக்கேடான விஷயம்தான். அழிக்கவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை.

போன மாதம் ஒரு பையில் கேனை வைத்துக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினேன். அவர் ஓய்வுபெற்றுக் கரியாலூருக்கே திரும்பியிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார், கேனை அதைவிடச் சீக்கிரம் தெரிந்துகொண்டார். நின்றபடியே சொன்னேன்: "அன்னிக்கி நான் வாயைத் தொறந்திருக்கணும் அண்ணே. உங்க வேலைக்கும் அம்மாவுக்கும் நான் பண்ணது பாவம்."

அவர் கேனை வாங்கிச் சீலை உடைத்தார். உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்துவந்தார். ஊற்றி, வெயிலில் தூக்கிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். அடியில் கொஞ்சம் வண்டல். மேலே தெளிவு.

"இத்தினி வருசத்துக்கு பரவால்லீங்க மேடம். ஆனா ஊத்தறதுக்குத்தான் இப்ப அந்த என்சின் இல்ல" என்றார்.

டம்ளரில் இருந்ததைத் திரும்பக் கேனுக்குள் சொட்டு விடாமல் ஊற்றி, மூடியை இறுக்கினார். தரையில் வைக்கவில்லை. சுற்றிலும் தேடி, ஒரு பலகையை இழுத்துப் போட்டு அதன்மேல் வைத்தார்.