எனக்கு வராத மஞ்சள் காமாலை

திருக்கழுக்குன்றம் சாலையில் நான் நடந்துகொண்டிருந்தபோது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். செங்கல்பட்டு பின்னால் போய்விட்டது. ஒரு பக்கம் அறுத்த வயல், இன்னொரு பக்கம் மனை போட்டு நட்ட கற்கள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். அப்பா ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டினார். ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்குவது வேலை. வெள்ளை வேன் எது வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டேன். இறங்கி ஒரு அறை விட்டு, "ஏறு" என்பார் என்று எதிர்பார்த்தேன். உண்மையில், பிடிபடவேண்டும் என்றுதான் மெதுவாக நடந்தேன்.

ஒன்பதாவது வரை நான் சுமாராகப் படித்தவன். பத்தாவதில் கணக்கு வாத்தியார் விடைத்தாள்களைக் குறைந்த மதிப்பெண்ணில் தொடங்கிக் கொடுப்பார். முதலில் பெயர் வந்தவன் கரும்பலகை ஓரம் போய் நிற்கவேண்டும், கடைசித் தாள் கொடுத்து முடியும்வரை. நான் இரண்டு முறை நின்றேன். மூன்றாம் முறை, எழுதும்போதே நிற்கப்போவது தெரிந்துவிட்டது. கை வேர்த்துப் பேனா வழுக்கியது. தெரிந்த கணக்கும் வரவில்லை. பிறகு அது மற்றப் பாடங்களுக்கும் பரவியது. காலையில் சீருடையை மாட்டுவேன், கழற்றுவேன், மறுபடி மாட்டுவேன். தூக்கம் போய்விட்டது.

பக்கத்தில் உட்கார்ந்தவன் ஆறாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. நான் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்ததும், "இன்னா மச்சான், போர்டுக்கு வாட்ச்மேன் வேலையா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மத்தியானம் அவனே தன் டப்பாவிலிருந்து பாதி முட்டையை எடுத்து என் சோற்றில் வைப்பான். கிண்டலும் முட்டையும் ஒரே கையிலிருந்து வந்ததால் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை.

அரையாண்டுத் தேர்வில் நான்கு பாடம் போனது. தலைமையாசிரியர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா கல்யாணத்துக்குப் போடும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. வாசலில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்டிய பள்ளி அது.

"இவன் எழுதுனா இவனுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம். டி.சி. வாங்கிக்குங்க. அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதட்டும்" என்றார் தலைமையாசிரியர்.

"நீங்க சொன்னா சரிங்க சார்."

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்பார் என்று காத்திருந்தேன். போன வருஷம் வரை நன்றாக இருந்த பையன் இந்த வருஷம் ஏன் இப்படி ஆனான்? அதைத் தலைமையாசிரியரிடம் கேட்டாலும் சரி, என்னிடம் கேட்டாலும் சரி. அப்பா கையெழுத்துப் போட்டார். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். படித்தவர் முன்னால் மறுத்துப் பேசி எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. திரும்பும் வழியில் எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தெருவில் கேட்பார்களே என்று அம்மாதான் யோசித்தாள். "காமால" என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகு அதை ஒழுங்காகச் செய்யவேண்டியிருந்தது. விடிந்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். எண்ணெய் இல்லை, காரம் இல்லை, உப்பு பேருக்கு. மூன்று வேளையும் கஞ்சி. அச்சரப்பாக்கத்திலிருந்து அத்தை ஒரு கட்டுக் கீழாநெல்லியோடு வந்து என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"மஞ்சளே காணமே அண்ணி?"

"எறங்கிகினு வருது" என்றாள் அம்மா, கண்ணிமைக்காமல்.

ஒரு மாதம் ஆனது. எந்தக் காமாலையும் அதற்குமேல் நிற்காது. ஆகவே அம்மா அதைத் திரும்ப வரவழைத்தாள். "உள்ளுக்குள்ள இன்னும் கீதாம்" என்று குழாயடியில் சொன்னது எனக்கே கேட்டது. அன்று சாயங்காலம் நான் அவளிடம், "தூக்கமே வரலம்மா. பயமா கீது" என்றேன். இன்னதென்று சொல்லத் தெரியாமல் அவ்வளவுதான் சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காமாலைக்கு அப்படித்தாண்டா இருக்கும்" என்றாள்.

அவள் நடிக்கவில்லை. அதற்குள் அவளே நம்பிவிட்டிருந்தாள்.

டி.சி. வாங்கியது தெரியாமல் கூட்டாளி ஒருமுறை வந்தான். அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "ஒட்டிக்கும்பா. பரீட்ச நேரம் வேற."

அவன் கேட் அருகே நின்று கத்தினான். "மச்சான், கண்ணு மஞ்சளா கீதா?"

"ம்" என்றேன் உள்ளேயிருந்து.

"பேஜாரு பண்ணாம சீக்கிரம் வாடா. பெஞ்சு காலியா கீது."

அதன்பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்திருக்கிறேன். எங்கேயும் யாரும் எனக்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு கூப்பிட்டதில்லை. அன்று எழுந்துபோய் வாசலில் நின்றிருந்தால் என் கண் வெள்ளையாக இருப்பதை அவன் பார்த்திருப்பான். நான் போகவில்லை. அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள் என்று சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

தேர்வன்று காலை அவன் போன ஆட்டோ எங்கள் தெரு வழியாகத்தான் போனது. அம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். செல்போனை வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்தேன். எடுத்து வந்திருந்தால் அது அடிக்காததைப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டியிருக்கும்.

திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரக் கடையில் இரண்டு மசால்வடை வாங்கிக் காரச் சட்னியில் முக்கித் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இன்னாபா, அவ்ளோ காரமா?" என்று கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். படியேறிப் போகிற பக்தர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். தேர்வு முடிந்திருக்கும். ஒரு மார்க் விடைகளை எல்லோரும் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். வேன் எதுவும் நிற்கவில்லை. வந்த வழியே திரும்பலாமா என்று யோசித்தேன். வீட்டில் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும். எழுந்து கடல் இருக்கிற திசையில் நடந்தேன்.

மாமல்லபுரம் போய்ச் சேர இருட்டிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு அக்கா மீன் வறுவல் கடைக்காகக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கை பிடித்து இறக்கிக் கொடுத்துவிட்டு, வேலை இருக்குமா என்று கேட்டேன்.

"இன்னா வயசு?"

"பதினாறு."

"வூட்டு நம்பர் சொல்லு. சொல்லாதவன நான் வச்சிக்கிறதில்ல."

இரண்டாம் முறை கேட்க விடவில்லை. அப்பாவின் எண்ணைச் சொன்னேன். கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாத்த, உன் புள்ள இங்க மாமல்லபுரத்துல கீறான். வந்து இட்டுகினு போ."

வேன் நிற்கிற சத்தம் கேட்டது. "சாப்டானா?" என்றார் அப்பா.

"இன்னும் இல்ல. வரியா?"

பின்னால் ஷிப்டு ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"பரீட்ச நடந்துகினு கீதும்மா. இப்ப வந்தான்னா தெருவுல கேப்பாங்க. வைத்தியத்துக்கு அனுப்சிக்கிறோம்னு சொல்லிக்கிறோம். முடியிற வரைக்கும் அங்கியே இருக்கட்டும். கொஞ்சம் பாத்துக்கம்மா."

என் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன், போனை என்னிடம் கொடுக்கச் சொல்வார் என்று.

"காரம் மட்டும் குடுத்துடாதம்மா. அவனுக்கு ஒடம்பு இன்னும் தேறல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா போனை இடுப்பில் செருகிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாடா ஒடம்புக்கு?"

"தெரிலக்கா" என்றேன். அது நிஜம்.

அவர் ஒரு மணைக்கட்டையைத் தள்ளிப் போட்டார், பக்கத்தில் கத்தியை வைத்தார். கூடையில் சங்கரா மீன் இருந்தது. செதில் எடுக்க உட்கார்ந்தேன்.