மணல் தொட்டிச் சண்டை

எலெக்ட்ரீஷியனுக்கு அந்த வாரம் வேலை கிடைத்தது, மகள் படிக்கும் மழலையர் பள்ளியிலேயே. பழைய மின்விசிறிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்ட வேண்டும். "பிள்ளைய கண்ணெதிர்லயே வச்சுப் பாத்துக்கலாம்" என்று மனைவி சொன்னபோது அவருக்கும் அது சரியென்றே பட்டது. அதுதான் வினையாகப் போனது.

வீட்டில் மகளுக்கு வாயாடி என்று பேர். கண் விழித்தால் தூங்கும் வரை வாய் ஓயாது. பள்ளியிலோ, சேர்ந்து ஒரு மாதமாகியும், மணல் தொட்டியின் ஓரத்தில் சட்டை நுனியைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏணி மேலிருந்து ஜன்னல் வழியாக அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திருகாணி கைநழுவி விழுந்தது. இறங்கி எடுத்தார், ஏறினார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

மறுநாள் இடைவேளையில், சுருட்டை முடிப் பையன் ஒருவன் அவள் கையிலிருந்த வாளியைப் பிடுங்கினான். அவள் வாயே திறக்கவில்லை. அவருக்குத்தான் பொறுக்கவில்லை. மடமடவென்று இறங்கிப் போய் மணலுக்குள் செருப்போடு நின்றார்.

"டேய், அது பாப்பா கையில இருந்ததுடா. குடு!"

பையன் வாளியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதான். மற்ற பிள்ளைகள் விலகி நின்று அவரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். டீச்சர் ஓடி வந்தார்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே சார். அதுங்களே தீத்துக்கும்."

"என் பொண்ணுக்குப் பேசத் தெரியலையே மேடம்!"

"உங்ககிட்ட பேசத் தெரியும். இவங்ககிட்ட இப்பத்தான் பழகுறா."

அடுத்த நாள் இடைவேளை முழுக்க வாளி அவளுக்குத்தான். பக்கத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. "அங்க போகாத, அவங்கப்பா திட்டுவாரு" என்று ஒரு குட்டி இன்னொன்றை எச்சரித்தது ஏணி வரை கேட்டது. அவருக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. மதியம் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் மனைவி மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார்.

மறுநாள், மணல் தொட்டி தெரியாத பின்பக்க அறைக்கு வேலையை மாற்றிக்கொண்டார். கண்ணைக் கட்டிக்கொண்டார், காதை என்ன செய்வது? இடைவேளை மணி அடித்தது. கூச்சல் எழுந்தது. அதற்குள் மகளின் குரல்.

"குடுடா! நான்தானே முதல்ல எடுத்தேன்!"

இரண்டு படி இறங்கிவிட்டார். அங்கேயே ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு அழுகை கேட்டது. தொடர்ந்து இன்னொன்று. அந்த டீச்சரம்மா எங்கே போய்த் தொலைந்தார்? அழுகை தேய்ந்து, மூக்கை உறிஞ்சும் சத்தத்தோடு மகளே பேசினாள்: "சரி, நீ மண்ணு போடு. நான் வாளிய பிடிச்சுக்கறேன்."

சாயங்காலம் கூட்டிப்போகும்போது பார்த்தார். கன்னத்தில் ஒரு கீறல்.

"யாரும்மா கீறினது?"

"சுருட்டை."

"நாளைக்கு அப்பா வந்து கேக்கட்டுமா?" வாய் முந்திக்கொண்டது.

"ஐயோ, வேணாம்பா! நாளைக்கு நாங்க கிணறு தோண்டப் போறோம். நீ வந்தா அவன் ஓடிடுவான்."

மறுநாள், பள்ளியில் மிச்சமிருந்த இரண்டு அறைகளுக்குத் தன்னோடு வேலை செய்யும் தம்பியை அனுப்பிவிட்டு, தொலைவில் ஒரு செருப்புக்கடையின் விளக்கு வேலைக்குப் போனார். அங்கேயும் முற்பகலில் திடீரென்று கை நின்றுபோனது.

"என்னண்ணே, கரண்ட் அடிச்சிடுச்சா?" என்று கடைக்காரர் பதறினார்.

"இல்லப்பா," என்றார். "இப்ப பள்ளிக்கூடத்துல இடைவேளை."