கதவில் எழுதிய எடை

அக்காவுக்கு அவர் கொடுக்க வேண்டியிருந்தது இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. கொடுத்தவள் கூடப் பிறந்தவள், வாங்கியவர் தம்பி. அப்படிப்பட்ட கடன்தான் மனுஷனைத் தூங்கவிடாது. வட்டிக்காரனிடம் வாங்கினால் அவன் வாசலில் வந்து கத்துவான், நாமும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தலாம். அக்கா கத்தவே மாட்டாள். கத்தாதவளுக்கு என்ன பதில் சொல்வது?

அவரை எல்லாரும் மேடைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிகளை எடை போடும் எடைமேடையில் இருபத்திரண்டு வருஷ வேலை. சரக்கு லாரி மேடையில் ஏறி நிற்கும். கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். அவர் சீட்டு அடித்துக் கொடுப்பார். சரக்கை இறக்கிவிட்டு லாரி காலியாகத் திரும்பி வரும், மறுபடியும் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. சில டிரைவர்களுக்கு அவசரம் தாங்காது.

"அண்ணே, காலி எடைதான் கதவுலயே பெயிண்ட்ல எழுதியிருக்கே, அதையே போட்டு அனுப்புங்களேன்."

"அது நீ வண்டி எடுத்த அன்னிக்கு இருந்த எடை. அதுக்கப்புறம் எத்தனை டயர் மாத்தின, அடியில எவ்வளவு சேறு அப்பியிருக்கு, யார் கண்டா? கதவுல எழுதினதை நம்பறவன் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான். ஏத்துப்பா வண்டியை."

அவர் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மூட்டைகூட அவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போனதில்லை. படிப்பு வேறு, புத்தி வேறு. மூட்டை தூக்கி முன்னுக்கு வந்தவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

எல்லாருடைய எடையையும் பார்த்தவருக்குத் தன் எடையைப் பார்க்க வழியில்லாமல் போனது. வீட்டில் இருந்த எடை மெஷினின் முள் நூற்று முப்பதைத் தொட்டு மடங்கிக்கொண்டது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு மனைவியைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துவிட்டு, லாரி ஏறும் மேடையில் அவர் ஏறி நின்றார். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும்.

"என்னங்க, நூத்தி நாப்பதுங்குது, நூத்தி அம்பதுங்குது, ஒண்ணுல நிக்க மாட்டேங்குதே!"

"நான் என்ன பண்ண?"

"மூச்சை வெளிய விட்டுப் பாருங்க, நாப்பதுல நின்னாலும் நிக்கும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது அவருக்குத் தெரிந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், போதாததற்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். நாளைக்குக் காலையில் எழுந்திருப்பாரா என்று பார்த்துக்கொண்டே படுத்துக் கிடப்பவளுக்கு அழுகை வராமல் என்ன செய்யும்?

இரைப்பையைச் சின்னதாக்கி, குடலை மேலே இழுத்து ஒட்டுகிற அறுவை சிகிச்சை என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். செலவைச் சொன்னபோது மேடைக்காரர் எழுந்துவிட்டார். பணம் கொண்டுவந்தது அக்கா. நாலு தேய்ப்புப் பெட்டி வைத்துச் சலவைக் கடை நடத்துகிறவள். வாடகைக்கு இருந்த அந்தக் கடை அறையை விலைக்கு வாங்க அவள் சேர்த்து வைத்திருந்த பணம் அது.

"கடை எங்கயும் ஓடிப் போகாது. நீதான் போயிடுவ. பிடிடா."

"ஒரு காசு பாக்கி வைக்க மாட்டேங்க்கா."

"முதல்ல உயிரோட வா. அப்புறம் பீத்திக்கலாம்."

வந்தார். ஒன்றரை வருஷத்தில் எண்பத்திரண்டு கிலோவுக்கு வந்தார். பார்த்தவர்கள் அடையாளம் தெரியாமல் திகைத்தார்கள். "உடம்புக்கு என்ன, பெரிய வியாதியா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களும் உண்டு. குண்டாக இருந்தாலும் கேட்பார்கள், ஒல்லியானாலும் கேட்பார்கள். ஊர் வாய்க்கு மூடி ஏது?

வெளியே தெரியாதது வேறு. கை, வயிறு, தொடையெல்லாம் காலிப் பை மாதிரி தோல் தொங்கியது. அதை மடித்து உள்ளே தள்ளித்தான் சட்டைப் பொத்தானைப் போடுவார். சாப்பாடு ஒரு சின்னக் கிண்ணம், அதையும் மென்று மென்று கூழாக்கி விழுங்க வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. ஒரு வாய் அவசரப்பட்டால் நெஞ்சில் கல் மாதிரி நிற்கும். ஒரு துண்டு கேக் ஆசைப்பட்டுத் தின்றால் அரை மணியில் நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, சுருண்டு படுக்க வேண்டியதுதான். விருந்துக்குப் போன இடத்தில், "எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" என்பார்கள். "பிடிச்சிருக்கு. உள்ளதான் இடமில்லை" என்பார். சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு இருக்காது.

ஒரு வருஷம் ஓய்வும் மருந்துமாகப் போன பிறகு அக்காவுக்குத் தவணை ஆரம்பித்தார். மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு, ஒன்றாம் தேதி விடிந்தால் கடைக்குப் போய்விடுவார். மழை பெய்தாலும் போவார், காய்ச்சலோடும் போவார். அறுவை சிகிச்சை நடந்த நாலாவது வருஷம் வீட்டு வாடகை ஏறியது. எதையாவது குறைக்க வேண்டும். தவணையைக் குறைக்க அவர் ரோஷம் விடவில்லை. அலமாரியில் நாலு மாத்திரைப் புட்டிகள் இருந்தன, அது போக மாதம் ஒரு ஊசி. எல்லாம் சேர்ந்து ஆயிரத்து முந்நூறு. எடை குறைந்துவிட்டது, சர்க்கரை போய்விட்டது, நன்றாக நடமாடுகிறோம். நன்றாக இருக்கிறவனுக்கு எதற்கு மருந்து? நிறுத்திவிட்டார். புட்டிகளை மட்டும் தூக்கிப் போடவில்லை. மனைவி கண்ணில் படட்டும் என்று அலமாரியிலேயே வரிசையாக நின்றன.

ஒரு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு, மூன்று வருஷமும் ஒன்றும் ஆகவில்லை. "பார்த்தியா" என்று மனசுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டார். பிறகு காலை எட்டு மணிக்கே அசதி வர ஆரம்பித்தது. வயசு என்றார். உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. நின்று நின்று வேலை செய்வதால் என்றார். ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு எடைமேடைக்கு வந்து சேர்ந்தார். இன்னொன்று வழியில் எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியாது.

"என்னண்ணே, தவணை முறையில செருப்புப் போடறீங்களா?" என்றான் ஒரு டிரைவர்.

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் குனிந்து அந்த வெறுங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை தூரம் சூட்டில் நடந்த கால் ஒரு சேதியும் சொல்லவில்லை.

சொல்லாத கால்தான் ஒன்பதாவது வருஷம் அவரைக் கவிழ்த்தது. நடுப்பகல். ஒரு லாரியின் பின்சக்கரம் மேடைக்கு வெளியே கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. முன்னால் வரச் சொல்லிக் கையைக் காட்டியபடி விளிம்பில் நடந்தார். இடது கால் விளிம்பைத் தாண்டிவிட்டது அவருக்குத் தெரியவில்லை. விழுந்தார். சக்கரம் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

டிரைவர் குதித்து ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, உங்க குடும்பத்தோட சேத்து என் குடும்பத்தையும் தெருவுல நிறுத்தியிருப்பீங்களேண்ணே!"

"கால் கொஞ்சம் மரத்துப்போச்சுப்பா."

"கொஞ்சமா? செருப்புல ரத்தம் வழியுதுண்ணே. பாருங்க."

ஏதோ ஆணி ஏறியிருந்தது. காலையிலேயே ஏறியதாக இருக்க வேண்டும்.

முதலாளி நேரே சொல்லிவிட்டார். "டாக்டர் சீட்டு இல்லாம நீ மேடைப் பக்கமே இறங்கக் கூடாது. செத்து என் தலையில விழாதே."

மறுநாள் சம்பளம். தவணையில் மீதி ஏழாயிரத்து ஐந்நூறு, மூன்றே மாசம். வேலை போவதற்குள் கடனைத் தீர்த்துவிட வேண்டும், பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று சம்பளக் கவரோடு நொண்டி நொண்டி நேராக அக்கா கடைக்குப் போனார்.

அவருக்கு முன்பே மனைவி அங்கே வந்திருந்தாள். துணி தேய்க்கிற மேசைமேல், மடித்து வைத்த சட்டைகளுக்குப் பக்கத்தில், நாலு மாத்திரைப் புட்டிகள் வரிசையாக நின்றன.

அக்கா தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இது என்னடா?"

"மாத்திரை."

"குலுக்கு."

அவர் ஒன்றை எடுத்துக் குலுக்கினார். சத்தமே வரவில்லை.

"காலுக்குக் கட்டுப் போடறப்ப, என்ன மருந்து சாப்பிடறாருன்னு நர்ஸ் கேட்டாங்கக்கா" என்றாள் மனைவி. "எடுத்துட்டுப் போய்க் காட்டலாம்னு புட்டியைப் பார்த்தா, அஞ்சு வருஷத்துக்கு முந்தின தேதி. தினமும் தூசி தட்டி நானே வெச்சிருக்கேன். தூக்கிப் பார்க்கணும்னு தோணலையே எனக்கு!"

"எப்ப நிறுத்தின?" என்றாள் அக்கா.

"வாடகை ஏறினப்ப."

"எவ்வளவு மிச்சம் பிடிச்ச?"

"மாசம் ஆயிரத்து முந்நூறு."

"அதைத்தான் எனக்குக் கொண்டாந்து கொடுத்தியா?"

அவர் குலுக்கிய புட்டியை மேசைமேல் வைத்தார்.

"அஞ்சு வருஷமா உன் காலை அரிஞ்சு அரிஞ்சு என் கையில வெச்சிருக்க. நானும் எண்ணி எண்ணி உள்ள வெச்சிருக்கேன்."

"அப்படிச் சொல்லாதக்கா. எடை குறைஞ்சிடுச்சு, நல்லாத்தான இருக்கோம்னு..."

"லாரிக்காரன்கிட்ட மட்டும் வாய் கிழியப் பேசுவியே, கதவுல எழுதினதை நம்பாதேன்னு! நல்லா இருக்காருன்னு டாக்டரம்மா என்னிக்கோ எழுதின சீட்டைக் கதவுல ஒட்டிக்கிட்டு நீ ஊர் சுத்தியிருக்க. மறுபடி ஒரு தடவை மேடையில ஏறிப் பார்த்தியாடா?"

மேடைக்காரர் சம்பளக் கவரை நீட்டினார். அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இது உனக்குச் சேர வேண்டியதுக்கா."

"சேரும். ஊசி போட்ட சீட்டைக் காட்டு, அப்புறம் கையை நீட்டறேன். சீட்டு இல்லைன்னா காசும் இல்லை."

அந்தப் பணம் ரத்தப் பரிசோதனைக்கும் ஊசிக்கும் போனது. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்சுட்டீங்களா? நாங்க மாத்தி வெச்ச குடல் சாப்பாட்டுல இருக்கற சத்தை முழுசா எடுக்காது. பழைய சேமிப்பை வெச்சு உடம்பு சில வருஷம் ஓட்டும், அப்புறம் நரம்புல கை வைக்கும். இந்த ஊசி ஆயுசு முழுக்க."

"கால் பழையபடி ஆகுமா டாக்டரம்மா?"

"கொஞ்சம் வரும். எவ்வளவு வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

முதலில் அடிக்கடி ஊசி, பிறகு மாதம் ஒன்று. உணர்ச்சி திரும்பி வந்தது சந்தோஷமாக வரவில்லை, நெருப்பில் மிதித்த மாதிரி எரிந்துகொண்டு வந்தது. முழங்காலுக்குக் கீழே வந்தது, கணுக்கால் வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கால் விரல்களுக்கு வரவில்லை. காலோடு சேர்ந்து மரத்திருந்த வலது கையில் கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் மரத்தது மரத்ததுதான். குளிக்கும் முன் வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்க்கப் பழகினார். தினமும் செருப்பைக் கவிழ்த்துத் தட்டினார். ராத்திரி மனைவி அவர் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிக் காயம் தேடுவாள். "இருபது வருஷமா காலைப் பிடிச்சு விடுன்னு கேட்டீங்களே, இப்பத் திருப்திதானா?" என்பாள். அவர் பேச்சை மாற்றுவார்.

வேலை போகவில்லை, குறைந்தது. கண்ணாடி அறைக்குள் சீட்டு அடிப்பது மட்டும் அவருக்கு. மேடையில் இறங்க வேறு ஆள், அவனுக்குச் சம்பளம் இவர் சம்பளத்திலிருந்து. மருந்து போக, மாதம் ஐந்நூறுதான் ஒதுக்க முடிந்தது. ஏழாயிரத்து ஐந்நூறுக்குப் பதினைந்து மாசம். முன்னால் என்றால் அவமானம் என்று நினைத்திருப்பார். இப்போதும் அப்படித்தான் நினைத்தார், ஆனால் ஊசி போட்டுக்கொண்டு நினைத்தார்.

ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் கடை வாசலில் அக்காவின் முதல் வார்த்தை ஒன்றுதான்: "சீட்டு?"

ஒரு மாதம் கை வறண்டுபோய் ஊசியை விட்டுவிட்டு, பழைய சீட்டைக் காட்டிப் பார்த்தார். அக்கா கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தாள். "இது போன மாசத்து லோடு. வண்டியைத் திருப்பு." கையை நீட்டவே இல்லை.

பதினைந்தாவது தவணைக்கு அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சட்டைப் பையில் தேவைக்கு மேலேயே நோட்டு வைத்திருந்தார். சீட்டைக் கொடுத்தார். அக்கா தேதியைப் பார்த்தாள், ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்தாள், மேசைமேல் வைத்து அதன்மேல் தேய்ப்புப் பெட்டியை நிறுத்தும் தட்டை வைத்தாள். பிறகு கையை விரித்து நீட்டினாள்.

எல்லாம் புது நூறு ரூபாய் நோட்டுகள். ஒவ்வொன்றாக வைத்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. கடன் தீர்ந்துச்சுக்கா." குரல் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது.

அக்கா கையை மூடவில்லை. "மறுபடி எண்ணு."

"எண்ணியாச்சேக்கா."

"எண்ணினது உன் வாய். விரல் எண்ணலை. மறுபடி ஏத்து வண்டியை."

அவர் நோட்டுகளைத் திரும்ப எடுத்தார். இந்தத் தடவை விரலை நம்பவில்லை. ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்துக்குக் காட்டி, ஊதி, கண்ணால் பார்த்த பிறகே வைத்தார். மூன்றாவது நோட்டோடு நாலாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு மூக்குவரை சூடேறியது. பிரிக்க அக்கா கை கொடுக்கவில்லை. அவரே நகத்தால் கீறி, ஒரு வழியாகப் பிரித்தார்.

"மூணு" என்றார். "நாலு."

கடைசியில் அவர் கையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. கூடுதலாக வந்திருந்த ஒன்றைத் தன் பையில் போட்டுக்கொண்டார். மற்றதை அக்காவின் விரித்த உள்ளங்கையில் வைத்தார்.

"அஞ்சு."