முதல் சஹனில் ஐந்து பேர்

எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் கோபித்துக்கொள்ளாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை.

அதுவும் ஒரு சடங்கு மாதிரித்தான். மருதாணி, நிகாஹ், சாப்பாடு, கோபம். வரிசை மட்டும் மாறும். ஒருவருக்குக் கார்ட்டில் பெயர் விடுபட்டிருக்கும். இன்னொருவருக்கு இனிப்புக்கு வைக்கிற வட்டிலப்பம் போய்ச் சேர்ந்திருக்காது. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலைக் கதிரையில் இருப்பார். நாலு பேர் போய்க் கெஞ்சுவார்கள். அப்போதுதான் கல்யாண வீடு கல்யாண வீடாகத் தெரியும்.

இதைச் சொல்லாமல் விட்டால், நோன்புக்கு முந்தின மாதம் கற்பிட்டியில் நடந்த கூத்து உங்களுக்கு விளங்காது.

என் நானாவின் மகள் சிஹானாவுக்குக் கல்யாணம். நானா என்றால் அண்ணன்; நான் அவருக்குத் தங்கை. மாப்பிள்ளை பேருவளை. மாணிக்கக்கல் யாவாரம் செய்கிற குடும்பம். அவர்கள் பக்கத்து ஆண்கள் காலையிலேயே வந்து முற்றத்துப் பந்தலில் நிறைந்துவிட்டார்கள். பெண்கள் வேறொரு வேனில் பதினொன்றரைக்கு வருவார்கள் என்று தகவல்.

சொன்னபடி பதினொன்றரைக்கு ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. ஐந்து பெண்கள் இறங்கினார்கள். வயது நாற்பதுக்கு அங்கே இங்கே. எல்லாரும் புதுச் சல்வார். தலையில் ஷோல் — காற்றுக்கு அது நிற்காமல் ஆளாளுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மதினி ஓடினார். மதினி என்றால் என் நானாவின் மனைவி. இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: அந்த வீட்டில் நானா குடும்பத் தலைவர், மதினி அரசாங்கம்.

“வாங்க, வாங்க. எவ்வளவு தூரம் வந்திருக்கீங்க” என்று ஐந்து பேரின் கையையும் ஒன்றாகப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

அவர்கள் சிரித்தார்கள்.

நடு ஹோலில் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தார்கள். ஐஸ் போட்ட சர்பத் போனது. ஐந்து பேரும் கிளாஸை வாங்கினார்கள், பார்த்தார்கள், சிரித்தார்கள், கீழே வைத்தார்கள்.

ஐந்து நிமிடத்தில் மதினி குசினிக்கு, அடுப்படியில் நின்ற எங்களிடம், வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

“கோவம்” என்றார்.

“யாருக்கு?”

“பேருவளைக்காரங்களுக்கு. சர்பத்தத் தொடல்ல. ஒரு கதையும் இல்ல. சும்மா சிரிக்காங்க. கோவக்காரங்க சிரிச்சாத்தான் புள்ள பயப்படணும்.”

குசினியில் உடனே விசாரணைக் குழு கூடியது. கார்ட்டில் யார் பெயரை விட்டோம்? மருதாணிக்கு யாரைக் கூப்பிடவில்லை? மதினியின் தங்கை ஸீனத்தை வேவு பார்க்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து ஒரு குண்டைப் போட்டார்.

“தங்களுக்குள்ள குசுகுசுன்னு கதைக்கிறாங்க ராத்தா. தமிழுமில்ல, சிங்களமுமில்ல. கல்லு யாவாரிமாருக்கு ஒரு ரகசியப் பாஷை இரிக்காமே? அதுதான்.”

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. பேருவளைக் கல் யாவாரிகள் துணிக்கு அடியில் விரலைத் தொட்டு விலை பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விரலுக்கே பாஷை வைத்திருக்கிறவர்கள் வாய்க்கு ஒன்று வைத்திருக்க மாட்டார்களா?

அப்போது ஹோலில் இருந்து சத்தம்... “எழும்பிட்டாங்க, எழும்பிட்டாங்க!”

ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி நெஞ்சில் கையை வைத்து, வாசலைக் காட்டி, ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தலையை ஆட்டினாள். பெண் வீட்டுக்காரர்கள் நாலு பேர் பாய்ந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பேரீச்சம்பழம் வந்தது.

பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுந்தார்கள். இந்த முறை மணப்பெண்ணுக்கென்று வைத்திருந்த மெத்தைக் கதிரையைத் தூக்கி வந்து போட்டார்கள். கூடவே பேரீச்சம்பழம்.

மூன்றாம் தரம் எழுந்தபோது மணப்பெண்ணே வந்துவிட்டாள். ஒரு கண்ணுக்கு மட்டும்தான் மை தீட்டி முடிந்திருந்தது. பதறிப்போய் சலாம் சொன்னாள். அந்தப் பெண்களில் ஒருத்தி தன் பையைத் துழாவி ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து மதினியின் கையில் கொடுத்தாள். மதினி அதைக் கொண்டுபோய் சீர்வரிசை மேசையில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

நீங்கள் கேட்பீர்கள் — அவர்களிடம் ‘யார் நீங்கள்’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மாப்பிள்ளை வீட்டாரிடமா? “நீங்க யாரு” என்றா? ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறவர்களிடமா? நீங்கள் கல்யாணமே செய்து வைத்ததில்லை போலிருக்கிறது.

கடைசியில் சஹன் வைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணச் சாப்பாடு அதுதான். ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர். தனித்தட்டு கிடையாது. முதல் சஹன் மாப்பிள்ளை வீட்டாருக்கு. ஐந்து பேர்தான் இருக்கிறீர்கள் என்றால் ஆறாவது ஆள் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“ஒரு ஆள் குறைவு” என்று பரிமாறுகிறவர் குரல் கொடுத்தார்.

மதினி என் முதுகில் கையை வைத்துத் தள்ளினார். “நீ போ. பேப்பர்ல எழுதுற ஆள்தானே. கதைச்சு சமாளி.”

சமாதானத் தூதுவராகப் போய் உட்கார்ந்தேன். சலாம் சொன்னேன். பக்கத்தில் இருந்தவள் என் காதுக்குக் குனிந்து, இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டாள்.

“தயவுசெய்து சொல்லுங்கள். இது யாருடைய கல்யாணம்?”

அவள் பெயர் சாஸ்கியா. ஐந்து பேரும் ஹொலண்ட். எண்பதுகளில் இங்கிருந்து கைக்குழந்தைகளாகத் தத்தெடுத்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். ஒவ்வொருத்தியும் ஒவ்வோர் ஊரில், வெள்ளைக்காரத் தாய் தகப்பனோடு, அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கறுத்த ஒரே பிள்ளையாக வளர்ந்தவள். வளர்ந்து ஆளான பிறகுதான் ஒருத்தியை ஒருத்தி தேடிப் பிடித்திருக்கிறார்கள். வருடத்தில் ஒரு வாரம் ஒரே வீட்டில் தங்கி, வீடியோ பார்த்துச் சோறு கறி சமைத்து, அதை யாராலும் சாப்பிட முடியாமல் சிரிப்பார்களாம்.

இந்தத் தரம் இலங்கைக்கே வந்திருக்கிறார்கள். தங்கினது குறிஞ்சிப்பிட்டியில் பாரூக் நானாவின் கெஸ்ட் ஹவுஸில். பாரூக் நானாவுக்கு எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு. ‘நீங்களும் வாங்க, எங்கட ஆக்கள் ஒண்டும் சொல்ல மாட்டாங்க’ என்று கூட்டி வந்து, வாசலில் இறக்கிவிட்டு, ஆண்கள் பந்தலுக்கு சலாம் சொல்லப் போனவர்தான். அங்கே சஹனில் உட்கார்ந்துவிட்டார். மனிதருக்கு இவர்கள் ஞாபகமே இல்லை.

“ஐஸ் எங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. மூன்று தரம் வெளியே போகப் பார்த்தோம்” என்றாள் சாஸ்கியா. “ஒவ்வொரு தரமும் பேரீச்சம்பழம் தந்தார்கள்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதினிக்குச் சொல்லி அவர் உயிரைக் காப்பாற்றலாமென்று எழும்பப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கொஞ்சம் பொறுங்கள்.”

மறுநாள் அவர்களுக்கு ப்ளைட். பத்தொன்பது நாள் அவள் தன் தாயைத் தேடியிருக்கிறாள். பிறப்புச் சான்றிதழில் சிலாபத்துப் பக்கம் ஓர் ஊரும் ஒரு பெண்ணின் பெயரும் இருந்தன. அந்தப் பெண்ணையும் கண்டுபிடித்துவிட்டாள். அவர் அழுதுகொண்டே சொன்னாராம், அது தன் பிள்ளையே இல்லையென்று. யாரோ கூப்பிட்டார்கள், ஒரு குழந்தையைக் கையில் தந்தார்கள், உன் பிள்ளை என்று சொல்லிக் கையெழுத்துப் போடு என்றார்கள். அரை மணித்தியாலம் வைத்திருந்தேன், நீ அழவேயில்லை என்றாராம்.

“இனித் தேட ஒன்றுமில்லை” என்றாள் சாஸ்கியா, சோற்றை விரலால் அழுத்திக்கொண்டு. “அங்கே என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், நீ எந்த நாடு என்று. இங்கே வந்தால் திரீவீல்காரர், கடைக்காரர், எல்லாரும் எந்த ஊர், யாருடைய மகள் என்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. இந்தச் சாப்பாடு முடியும்வரை சொல்லாதீர்கள்.”

ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். குசினிக் கதவில் மதினி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார். ஒரு பக்கம் மதினியின் பிரஷர். மறுபக்கம் இவளுடைய ஒரு வேளைச் சோறு.

நான் கோழித் துண்டு ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன். சஹனில் அப்படித்தான். நம் பக்கத்து இறைச்சியைப் பக்கத்தில் இருக்கிறவருக்குத் தள்ளிவிட வேண்டும்.

அதற்குள் பாதிச் சோறு மடியில், மீதி தட்டில் என்று சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற நாலு பேரும் அச்சாற்றுக்குச் சண்டை பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி எடுத்ததை இன்னொருத்தி பறித்தாள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

ஒல்லாந்தர் எங்கள் ஊரில் கோட்டை கட்டினவர்கள். அவர்களை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் குறையும் அன்றைக்குத் தீர்ந்தது.

சோறு பாதியில் இருக்கும்போது வாசலில் ஹோர்ன் சத்தம்.

பேருவளை வேன். உண்மையான பேருவளை வேன். பாலாவிச் சந்தியில் டயர் வெடித்துவிட்டதாம். அந்தச் செய்தி ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே போனில் ஆண்கள் பந்தலுக்கு வந்துவிட்டது. வந்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

ஒன்பது பெண்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் மாப்பிள்ளையின் மூத்த மாமி. அவர் ஹோலைப் பார்த்தார். முதல் சஹனைப் பார்த்தார். முழங்கைவரை சோற்றோடு இருந்த ஐந்து பேரையும் பார்த்தார். நாங்கள் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த கோபம், இப்போதுதான் முறைப்படி வந்து சேர்ந்தது.

“எங்களுக்கு முந்தியே முதல் சஹன் வச்சாச்சா? இவங்க யாரு ஊட்டு ஆக்கள்?”

சாஸ்கியாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி, கேட்கிறவரின் முகத்திலேயே அவளுக்கு விளங்கும். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

மதினி அந்த ஐந்து பேரைப் பார்த்தார். பேருவளைக்காரர்களைப் பார்த்தார். கணக்கு ஓடுவது முகத்தில் தெரிந்தது. தெரியாது என்று சொன்னால், வழியில் போன யாரையோ கையைப் பிடித்து இழுத்து வந்து, பெண்ணைச் சலாம் சொல்ல வைத்து, முதல் சஹனும் வைத்த கதை பேருவளையில் மூன்று தலைமுறைக்கு ஓடும்.

மதினி நிமிர்ந்தார்.

“எங்க ஊட்டு ஆக்கள். எங்க வாப்பாட சாச்சாட பேரப்புள்ளைகள். வெளிநாட்டுல இரிக்காங்க. இண்டைக்கே புறப்படணும் எண்டுதான் முந்திச் சோறு குடுத்த.”

“எந்த நாடு?”

மதினி என்னைப் பார்த்தார். “ஹொலண்ட்” என்றேன்.

மாமி கிட்ட வந்தார். குனிந்து சாஸ்கியாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மதினியின் முகத்தைப் பார்த்தார்.

“சொல்லவே தேவல்ல. மூக்கு அப்படியே உங்கட மூக்கு.”

நான் அதை இங்கிலீஷில் சாஸ்கியாவுக்குச் சொன்னேன். அவள் சோற்றுக் கையோடு தன் மூக்கைத் தொட்டாள். சிரித்தாள். பிறகு அழுதாள். மூக்கெல்லாம் மஞ்சள் சோறு. “நம்மள விட்டுட்டுப் போற கவலை” என்று மாமிக்கு விளக்கம் கொடுத்தார் மதினி.

பின்வாசலில் வைத்து மதினி என்னை மடக்கினார். “இப்ப சொல்லு. அதுகள் யாரு?”

சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அரிசி மூட்டையில் உட்கார்ந்தார்.

“உம்மா கிடைக்கவே இல்லையா?”

“இல்ல.”

எழும்பினார். பிறகு, “அஞ்சு வட்டிலப்பம் கட்டு. ப்ளைட்டுல சாப்பிடட்டும்” என்றார். போன் நம்பரையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பொய்யை யாராலும் நிறுத்த முடியவில்லை. கல்யாண ஆல்பத்தில் ‘பெண் வீட்டார்’ படத்தில் ஐந்து பேரும் நிற்கிறார்கள். பேருவளையில் இருந்து போன் கோல் வந்தால் ஹொலண்டுக்காரர்களையும் சேர்த்தே சுகம் விசாரிக்கிறார்கள். மதினி ஒரு வம்ச வழியே தயார் செய்து வைத்திருக்கிறார். எந்தப் பெரியம்மாவுக்கு யார் பேத்தி என்று அவர் சொல்லும்போது, உண்மை தெரிந்த எனக்கே சந்தேகம் வருகிறது.

போன வாரம் நோன்புப் பெருநாள் முடிந்து நாலாம் நாள், மதினி கோல் எடுத்தார். எடுத்த எடுப்பிலேயே நெருப்பு.

“அந்த சாஸ்கியா என்ன நினைச்சுக்கொண்டிருக்கா? பெருநாளைக்கு ஒரு கோல் இல்ல, ஒரு மெசேஜ் இல்ல. மாமி கேட்டா நான் என்னத்தச் சொல்ற? இனி அவளோட எனக்குக் கதையில்ல.”

அதை அப்படியே சாஸ்கியாவுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. உண்மையாகவே கோபமா என்று கேட்டிருந்தாள். ஓம் என்றேன். நிறையக் கோபமா என்று கேட்டாள். இனிப் பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டார் என்றேன். பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

பிறகு ஒரு வரி வந்தது — மற்ற நாலு பேரும் கேட்கிறார்களாம், மதினிக்குத் தங்கள் மேலும் கோபம் இருக்கிறதுதானே என்று.