பூங்காவின் பின்கதவு

வழி தவறினால் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது. நான் கூப்பிட்டாலொழிய வேறு யார் பெயர் சொல்லி அழைத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஆறு வயது மகளுக்கு நான் தினமும் ஒப்பிக்க வைத்த பாடம் இது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடையாற்றங்கரைப் பூங்காவில் அவள் காணாமல் போனாள். வெள்ளைக்காரர் காலத்துப் பூங்கா. பாதைகள் வளைந்து வளைந்து போகும். புதர்வேலிகள் ஆள் உயரம். அறுந்த செருப்பு வாரைப் பார்க்கக் குனிந்தேன். நிமிர்ந்தால் அவள் இல்லை. வேலிக்கு அப்பால் ஆறு.

நடக்க வந்தவர்களெல்லாம் அவள் பெயரைக் கத்திக்கொண்டு தேடினார்கள். நான் வாசலுக்கு ஓடிக் காவலாளியைப் பிடித்துக்கொண்டேன்.

"சுள்ளி பொறுக்கறவங்களை எல்லாம் பின்கதவு வழியா விட்டா இப்படித்தான் ஆகும்! எவ தூக்கிட்டுப் போனாளோ!"

ஆற்றோரக் குடிசைப் பெண்கள் காலையில் அந்த வழியாக வந்து, உதிர்ந்த சுள்ளிகளைக் கட்டி எடுத்துப்போவது வழக்கம்.

முக்கால் மணி நேரம் கழித்து ஆற்றுப் பக்கப் புதருக்குப் பின்னால் மகளைக் கண்டேன். கைகட்டி நின்றிருந்தாள். அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவே சுள்ளிக்கட்டை இறக்கிவைத்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா புள்ளம்மா இது! கூப்ட்டா வரல, பேர் கேட்டா வாயத் தொறக்கல. வுட்டுட்டுப் போனா தண்ணியாண்ட பூடும்னு குந்திகினு கீறேன்."

மகளை இழுத்தேன். என் கை முதலில் அவள் கழுத்துச் சங்கிலியைத்தான் தடவியது.

அந்தப் பெண் பார்த்துவிட்டாள். "கீதும்மா. பத்திரமா கீது," என்றாள். கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"எல்லாரும் கூப்பிட்டாங்கம்மா," என்றாள் மகள். "நீதான் கூப்பிடவே இல்ல."

அடுத்த ஞாயிறு அந்தச் சுள்ளிக்காரப் பெண்ணிடம் நன்றி சொல்லப் போனேன். பின்கதவில் புதுப் பூட்டு.

"நீங்க போட்ட சத்தம் ஆபீஸ் வரைக்கும் போயிடுச்சும்மா. இனிமே அவங்க யாருக்கும் உள்ள வேலை இல்ல," என்றார் காவலாளி, எனக்கு உதவி செய்துவிட்டவர் போல.

அலுவலகம் இருபது அடி தள்ளித்தான் இருந்தது. உள்ளே போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் என் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லவில்லை.

மந்தைவெளிக்குத் திரும்பும் பஸ்ஸில் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தேன். பழைய பாடத்தையே மறுபடியும் ஒப்பிக்கச் சொன்னேன்.